கலைமணி மூடச் சொன்ன கணக்கு

கணக்கை மூடி ஷேரை வேறு கம்பெனிக்கு மாற்றச் சொல்லிக் கலைமணி கொடுத்துவிட்டுப் போன படிவம் சதீஷ்குமாரின் மேசை இழுப்பறையில் ஒன்றரை மாதமாகக் கிடந்தது. அவன் அதைக் கிழித்துப் போடவும் இல்லை, மேலே அனுப்பவும் இல்லை. அவள் போனில் கேட்கும்போதெல்லாம், "ஹெட் ஆபீஸ்ல பெண்டிங்ல இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மலையில் மிளகு பறிக்கிற மாசம். வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி சேந்தமங்கலம் வந்து அவன் எதிரே நிற்க அவளுக்கு நேரம் இருக்காது, கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடுவாள் என்று நினைத்தான்.

அவள் ஓயவில்லை. ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபிக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டாள்.

சேந்தமங்கலம் கடைவீதியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது சதீஷ்குமாரின் ஆபீஸ். பெரிய ஷேர் புரோக்கர் கம்பெனி ஒன்றுக்கு அந்த வட்டாரத்தில் அவன்தான் சப் புரோக்கர். ஷேர் வாங்க நினைக்கிறவர்கள் அவனிடம் வந்து கணக்குத் தொடங்குவார்கள். வாங்கினாலும் விற்றாலும் கம்பெனி கமிஷன் பிடிக்கும், அதில் அவனுக்கு ஒரு பங்கு வரும். அந்தப் பங்கில்தான் வீடு கட்டினான், கார் வாங்கினான், தங்கைக்குச் சீர் செய்தான். இப்போது சில வருஷமாக டிஸ்கவுண்ட் புரோக்கர் என்று புதுப்புது கம்பெனிகள் வந்து, போனில் ஒரு ஆப்பைப் போட்டால் போதும், ஷேர் வாங்கி வைத்துக்கொள்ளக் கமிஷனே வேண்டாம் என்கின்றன. காலேஜ் பையன்கள் முதலில் போனார்கள். பிறகு வாத்தியார்கள் போனார்கள். போகிறவர்கள் யாரும் அவனிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஒரு நாள் கணக்கில் ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். ஆப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு நெஞ்சு எரியும்.

மலைக்காரர்கள் மட்டும் போகமாட்டார்கள் என்று நம்பியிருந்தான். அவர்களை அவனிடம் கொண்டுவந்து சேர்த்தவளே கலைமணிதான். வருஷா வருஷம் மிளகு விற்ற கையோடு இறங்கி வருவாள். சோப்புக் கம்பெனி, பெயிண்ட் கம்பெனி, ஒரு பேங்க் என்று தனக்குத் தெரிந்த பேராகப் பார்த்து வாங்குவாள். வாங்கியதை விற்க மாட்டாள். "இதை வித்துட்டு அதை வாங்குங்க, இப்ப நல்ல நேரம்" என்று அவன் எத்தனையோ முறை சொல்லியும் கேட்டதில்லை. அவளால் அவனுக்குக் கிடைத்தது சொற்பம். ஆனால் அவள் பேச்சை நம்பி மலைமேல் ஊர்களான வளப்பூர் நாட்டிலும் குண்டனி நாட்டிலும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அவள் போனால் அந்த வரிசை முழுக்கப் போகும். இழுப்பறையில் படிவம் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

ஹெட் ஆபீஸிலிருந்து பேசியவன் வயதில் சின்னவன் போலிருந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தம்மா புகாரை வாபஸ் வாங்கியாகணும். இல்லேன்னா உங்க சப் புரோக்கர் கோடு நம்பரை நிறுத்தறதத் தவிர எங்களுக்கு வழியில்லை" என்றான். கோடு நின்றால் தொழில் நின்ற மாதிரி.

"படிவத்தை அனுப்பிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. வாயக் குடுத்துட்டு வராதீங்க" என்று அவன் மனைவி ஹேமலதா கிளம்பும்போதே சொன்னாள். அவன் பைக்கை எடுத்தான்.

அடிவாரத்தில் காரவள்ளி தாண்டி மலை ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். முதலில் பழக்கத்தைச் சொல்வது, பிறகு சலுகையைச் சொல்வது, மசியாவிட்டால் பயம் காட்டுவது. கீழே இறங்கிக்கொண்டிருந்த பலாக்காய் லாரிக்கு ஒதுங்கி நின்ற இடத்தில்கூட உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது.

கலைமணியின் வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தார்கள். அவள் நடுவில் நின்று காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். ஓரமாக, நிழலில், அவள் புருஷனின் அண்ணன் சின்னுசாமி சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீடு அவருடையது.

"ஏனுங்க கலைமணி, நல்லாருக்கீங்களா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பக்கத்தில் பகையாளி வந்தாலும் வாங்க என்று ஒரு சொல் சொல்லிவிடுவார்கள். அவள் சொல்லவில்லை.

"படிவத்தை அனுப்பிச்சிட்டீங்களா?" என்றாள்.

"அதப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

"பேசறதுக்கு என்ன இருக்குது? அனுப்பிச்சாச்சா இல்லையா?"

சதீஷ்குமார் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை அவனே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பன்னெண்டு வருசப் பழக்கங்க நமக்குள்ள. ஒரு வருத்தம்னா என்கிட்டயில்ல சொல்லோணும்? செபிக்கு எழுதிப் போட்டா என்ன அர்த்தம்? நான் என்ன உங்க காசைத் திருடிட்டனா?"

"திருடுனீங்கன்னு எழுதல. ஒன்றரை மாசமாப் பொய் சொல்றீங்கன்னு எழுதியிருக்கறேன்."

சாக்கு தைத்துக்கொண்டிருந்த சின்னுசாமியின் கை நின்றது. சதீஷ்குமார் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"சரி, விடுங்க. இனிமே நீங்க வாங்கறதுக்குக் கமிஷன் ஒத்தப் பைசா வேண்டாம். வருசக் கட்டணத்தையும் நானே கட்டிக்கறேன். ஆப்பு என்ன குடுக்குதோ அதையே நானும் குடுக்கறேன். போதுமுங்களா?"

"இப்ப வேண்டாம்னு சொல்ல முடியுதில்ல? அப்ப இத்தன வருசமா எதுக்கு வாங்குனீங்க?"

"அது கம்பெனி ரூலுங்க."

"இன்னிக்கு கம்பெனி ரூலு எங்க போச்சு?"

மலை ஏறும்போது நினைத்துப் பார்க்காத கேள்வி. ஆனாலும் விடவில்லை. "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஆப்புங்கறது எங்கயோ ஒரு ஊர்ல இருக்கற மிஷினு. நாளைக்கு ஒரு கோளாறுன்னா யார் மூஞ்சியப் போய்ப் பாப்பீங்க? உங்க பணம் எங்க இருக்குதுன்னு யாரக் கேப்பீங்க? சும்மா கெடைக்குதுன்னு போனவங்கெல்லாம் அப்புறம் என்கிட்டத்தான் வந்து அழுவறாங்க."

"சும்மா கெடைக்குதுன்னு நான் போகல" என்றாள் கலைமணி. மிளகைக் கிளறுவதை நிறுத்திவிட்டுத் தார்ப்பாயை விட்டு வெளியே வந்தாள். "ரெண்டு கம்பெனிய வெச்சுப் பாத்தேன். ஒருத்தன் எல்லாமே இலவசம்னான். அவன் போன் நம்பரு எங்க இருக்குதுன்னே கண்டுபுடிக்க முடியல. கண்டுபுடிச்சுக் கூப்பிட்டா பாட்டுப் பாடுது. இன்னொருத்தன் வருசத்துக்குக் கொஞ்சம் காசு கேக்கறான். கூப்பிட்டா ஒரு புள்ள எடுத்துத் தமிழ்ல பேசுது. காலைல கூப்பிட்டேன், மத்தியானம் கூப்பிட்டேன். மார்க்கெட்டு மூடப் போற நேரத்துல, அவங்களுக்கு வேலை ஜாஸ்தியா இருக்குமேன்னு வேணும்னே கூப்பிட்டேன். எடுத்தாங்க. காசு போனாப் போகுதுன்னு அதுலதான் சேந்தேன்."

சதீஷ்குமார் சிரித்தான். "போன் எடுக்கறதப் பாத்தா புரோக்கர் புடிக்கறது? நல்ல கூத்துங்க."

"ஆமாங்க. எனக்கு அதுதான் பெருசு."

அவள் எதைச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. கொரோனா வந்த வருஷம், ஊரடங்குக்கு முன்னும் பின்னுமாக மார்க்கெட் மடமடவென்று சரிந்தபோது அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. ஒரு வருஷம் போனது. விழுந்ததெல்லாம் எழுந்து இரண்டு மடங்கானது. அப்போதிலிருந்து அவனுக்கு அது ஒரு கதையாகிப் போனது. புதிதாகக் கணக்குத் தொடங்க யார் வந்தாலும் சொல்வான்: மலைக்கார அம்மா ஒருத்தி பயந்துபோய் எல்லாத்தையும் வித்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க, நான் வேணும்னே போனை எடுக்கல, எடுத்திருந்தா அன்னிக்கே எல்லாம் போயிருக்கும். ஆப்பு இதைச் செய்யுமா? சொல்லிச் சொல்லி அவனே அதை முழுசாக நம்பிவிட்டான்.

இப்போதும் அதையே எடுத்தான். "அன்னிக்கு நான் எடுத்திருந்தா நீங்க வித்திருப்பீங்க. இன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணுமே இருந்திருக்காது. உங்களக் காப்பாத்துனதே நாந்தான். அதுக்கு மரியாதையாப் புகாரு எழுதறீங்க."

"அந்தக் கதைய ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறீங்கன்னு எனக்கும் தெரியும்" என்றாள் கலைமணி. குரல் உயரவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டிருந்தது. "விக்கறதுக்குக் கூப்பிட்டேன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க? விக்கறதா வெக்கறதான்னு எனக்கே தெரியாது. என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்த கேக்கத்தான் கூப்பிட்டேன். இங்க டவர் கெடைக்காதுன்னு மேக்காட்டுப் பாறை மேல ஏறி, வெயில்ல நின்னுக்கிட்டு அடிச்சேன். டி.வி.ல செவப்பு செவப்பாக் காட்டறான். கம்பெனியெல்லாம் இருக்குதா போச்சா, நான் போட்டது என்ன ஆச்சு, பயப்படாதீங்கன்னு ஒரு வார்த்த. அதுக்கு நீங்க எடுக்கல."

"அத்தன பேர் கூப்பிடறப்ப யாருதுன்னு எடுக்கறது? யார் போனையுமே எடுக்கல நான்."

"மிளகு யாவாரி அர்த்தனாரி போனை எடுத்தீங்க."

அவன் பைக் சாவியை எடுத்துக் கையில் உருட்டினான்.

"போன வருசம் எங்கூட்டுல மிளகு எடை போட வந்தப்ப அவரே சொன்னாரு. சதீஷ்குமார் தங்கமான மனுசன், அந்த நேரத்துல கூப்பிட்டப்பல்லாம் எடுத்து தைரியம் சொன்னாருன்னு. அவரு பெரிய கைங்க. தெனமும் வாங்குவாரு, விப்பாரு. உங்களுக்கு வருமானம். நான் வருசத்துக்கு ஒருக்கா வாரவ. எம்போனு அடிச்சா அடிச்சுக்கிட்டுக் கெடக்கும். அதுக்குக் காப்பாத்துனேன்னு பேர் வேற."

சதீஷ்குமாரின் காது மடல் சுட்டது. மலைக்காரி ஒருத்தி, அதுவும் தான் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவள், இன்னொரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கும்போது இப்படிப் பேசுவாள் என்று அவன் நினைக்கவேயில்லை. மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை என்பது அவனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அந்த நேரத்தில்தான் அவள் புருஷன் ராசப்பன் தோளில் பச்சை மிளகுச் சாக்கோடு காட்டிலிருந்து வந்தார். நெட்டையான, அதிகம் பேசாத மனுஷன். சாக்கை இறக்கி வைத்துவிட்டு, "வாங்க" என்றார்.

"நீங்களாவது உங்க ஊட்டுக்காரம்மாவுக்குச் சொல்லுங்க. புகாரை வாபஸ் வாங்கச் சொல்லுங்க."

ராசப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அது அவ சமாச்சாரமுங்க. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது."

"தெரியாதா?" என்று நாற்காலியை விட்டு எழுந்தான் சதீஷ்குமார். இனி சொல்லப் போவது சொல்லக்கூடாதது என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. பதினைந்து வருஷத் தொழிலில் ஒருத்தர் கணக்கை இன்னொருத்தரிடம் அவன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. "தெரியாட்டித் தெரிஞ்சுக்கங்க. தண்ணிக்குப் போரு போடறதுக்குக் காசு இல்லேன்னு கீழ்க்காட்ட உங்க அண்ணனுக்கு வித்தீங்களே, அன்னிக்கே உங்க ஊட்டுக்காரம்மா பேர்ல இருந்ததுல பாதிய வித்திருந்தாக்கூட அந்தக் காட்டையும் வெச்சுக்கிட்டு நாலு போரு போட்டிருக்கலாம். இன்னிக்கு அதுக்கு மேலயும் இருக்குது. கேட்டுப் பாருங்க, எவ்வளவுன்னு."

கலைமணி அவனைப் பார்த்தபடியே நின்றாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. தெருவில் கிடக்கிற எதையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

முதலில் பேசியது சின்னுசாமி. கையிலிருந்த ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு எழுந்தார். "ஏன்டா ராசு, கையில ஒண்ணுமில்லேன்னு சொல்லித்தான என்கிட்ட வந்து நின்ன? உனக்காகத்தான நகைய வெச்சு அந்தக் காட்ட நான் வாங்குனேன்?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

"உம்பொண்டாட்டிகிட்ட இருக்கறது உனக்குத் தெரியாதா? யாருகிட்டக் கதை விடற?"

ராசப்பன் அண்ணனை விட்டுவிட்டுச் சதீஷ்குமார் பக்கம் திரும்பினார். "கெளம்புங்க" என்றார்.

"நான் உங்க நல்லதுக்குத்தான்..."

"கெளம்புங்கங்கறேன்ல."

அவன் பைக்கைத் திருப்பும்போது பின்னால் சத்தம் எழுந்துவிட்டது. சின்னுசாமியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. இடையிடையே கலைமணியின் குரல். ராசப்பன் குரல் கேட்கவேயில்லை. முதல் இரண்டு வளைவு வரைக்கும் அவனுக்கு ஒரு நிறைவு இருந்தது, நன்றாகக் கொடுத்தோம் என்று. சோளக்காடு ஊர் தாண்டி இறங்கும்போது அது போய்விட்டது. என்ன செய்துவிட்டு வருகிறோம் என்று யோசிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் காலையிலேயே படிவத்தை அனுப்பிவிட்டான். கலைமணியின் ஷேரெல்லாம் அவளுடைய புதுக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தன. புகாரை அவள் வாபஸ் வாங்கவில்லை. என் கணக்கு விவரத்தை மற்றவர்கள் காதுபடச் சொன்னான் என்று இன்னொரு புகாரையும் சேர்த்து எழுதினாள். ஹெட் ஆபீஸ் விளக்கம் கேட்டது. அவன் ஏதேதோ எழுதிப் போட்டான். ஷேர் மாறிவிட்டதால், அவர்கள் கோடை நிறுத்தாமல் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். தப்பித்துவிட்டோம் என்று மூச்சு விட்டான்.

அப்புறம்தான் ஒவ்வொருவராகப் போக ஆரம்பித்தார்கள். குண்டனி நாட்டு அங்கன்வாடி டீச்சர் ருக்குமணி முதலில் வந்தார். மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் மகள் பேருக்குச் சேர்த்துக்கொண்டிருந்தவர். கணக்கை மூட வேண்டும் என்றார், காரணம் சொல்லவில்லை. அடுத்து செம்மேட்டில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர். பிறகு மகன்களிடம் சொல்லாமல் பென்ஷன் பணத்தைப் போட்டு வைத்திருந்த ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அவரிடம் மட்டும் சதீஷ்குமார் கெஞ்சினான். "ஆப்புல என்னங்கண்ணா இருக்குது? என்ன மாதிரி ஒரு ஆளு எதிர்ல ஒக்காந்து பேசுவானா?"

"அதுக்குத்தான் தம்பி போறேன்" என்றார் அவர். "அது பேசாது."

மழைக்காலம் தொடங்கும்போது அவனிடம் மலைக்காரர் என்று யாருமே மிச்சமில்லை.

ஆடி மாசம் ஒரு மத்தியானம் ராசப்பன் படியேறி வந்தார். கலைமணிதான் அனுப்பியிருக்கிறாளோ, சண்டை போடத்தான் வந்திருக்கிறாரோ என்று சதீஷ்குமாருக்குத் திக்கென்றது. ராசப்பன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, காலியாகக் கிடந்த ஆபீஸைச் சுற்றிப் பார்த்தார்.

"நாமக்கல் போயிட்டு வாரேன். பஸ்சுக்கு நேரமிருந்துச்சு" என்றார்.

"சொல்லுங்க."

"அவ சேத்து வெச்சிருந்தது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

சதீஷ்குமார் அவரையே பார்த்தான்.

"வருசம் வருசம் மிளகு வித்துட்டு அவ பஸ் ஏறிப் போறா. வெறுங்கையோட திரும்பி வாரா. கண்ணு தெரியாதவனா நானு? எவ்வளவுன்னு தெரியாது. இருக்குதுன்னு தெரியும். எங்கண்ணன் கேட்டா எனக்கு இல்லேன்னு சொல்ல வராதுங்க. சின்ன வயசுலருந்தே வராது. அவரு சம்பாதிச்சுத்தான் எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சாரு. நான் வெச்சிருக்கறேன்னா கேப்பாரு, கேட்டாக் குடுத்துருவேன். அதனால எனக்குத் தெரியாமயே இருக்கட்டும்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல. காட்ட வித்தப்பகூட வாயத் தொறக்கல நான். காடு போனாலும் அது நிக்கட்டும்னு நெனச்சேன். நீங்க அண்ணன் முன்னாடி போட்டு ஒடச்சீங்க."

"என்ன ஆச்சுங்க?"

"என்ன ஆவும்? அவரு மகனுக்கு லாரி வாங்கோணும்னு வந்து நின்னாரு. எனக்கு முடியாதுன்னு சொல்ல வரல. அவ பாதிய வித்தா. குடுத்தாச்சு." சட்டைப் பையிலிருந்து பீடியை எடுத்து, பற்ற வைக்காமல் திரும்ப வைத்தார். "அவ எங்கூடப் பேசறதில்ல. சோறு போடறா. காட்டுக்கு வாரா. பேச மாட்டேங்கறா. என்ன சொல்லட்டும் அவகிட்ட? எனக்குத் தெரியும்னு சொன்னா, தெரிஞ்சும் குடுத்தியாம்பா. தெரியாதுன்னு சொன்னா அது பொய்யி."

"நான் வேணும்னு பண்ணலீங்க. கோவத்துல..."

"வேணும்னுதான் பண்ணுனீங்க" என்றார் ராசப்பன். எழுந்தார். "அத உங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அவர் இறங்கிப் போன பிறகு சதீஷ்குமார் ஜன்னல் வழியே பார்த்தான். பஸ் ஸ்டாண்டு பக்கமாக, யாரையும் பார்க்காமல், நீளமான காலை எட்டி வைத்து நடந்து போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி. கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. அவருக்கு அண்ணனிடம் இல்லை என்று சொல்லத் தெரியாததற்கு நான் என்ன செய்வேன், புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கொள்ளாததற்கு நான்தான் கிடைத்தேனா என்று வாய்விட்டே சொன்னான். கேட்க ஆபீஸில் யாரும் இல்லை.

ஐப்பசியில் ஆபீஸைக் காலி செய்தான். இப்போது நாமக்கல் ரோட்டில் லாரி இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை பார்க்கிறான். என்னாச்சு உங்க ஷேர் ஆபீஸு என்று கேட்கிறவர்களிடம், ஆப்பு வந்து எங்க பொழப்பக் கெடுத்துருச்சுங்க என்று சொல்கிறான். அவர்களும், ஆமா, இப்ப எல்லாமே போன்லதானே என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருத்தரிடமும் போன வாரம் இதையே சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த ஹேமலதா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே எழுந்து போய்விட்டாள்.